கஞ்சிக்கோட்டு வேலைக்கு எங்கே குடியிருக்கலாம்?

கேள்வி: தமிழ்நாட்டிலிருந்து கேரளத்தின் கஞ்சிக்கோட்டுக்கு வேலை மாறும் குடும்பம், பள்ளிப் பிள்ளைகளோடு பாலக்காட்டில் எங்கே வீடு பார்க்கலாம்?

பதில்: பிள்ளைகள் எந்த மொழியில் படிப்பார்கள் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். தமிழ்வழி என்றால் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தைப் பார்க்கலாம். தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழி வகுப்புகள் உண்டு. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் முதுகலை வரை படிக்கலாம்.

ஆனால் அந்தக் கிழக்குப் பகுதியில் மழை குறைவு. அருகிலுள்ள பிளாச்சிமடாவில் 2002-இல் கோகோ கோலா ஆலைக்கு எதிராக மக்கள் திரண்டது நிலத்தடி நீருக்காகத்தான். 2004-இல் ஆலை உற்பத்தியை நிறுத்தியது. அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன், ஏப்ரல், மே மாதங்களில் கிணற்றில் தண்ணீர் நிற்குமா என்று பக்கத்து வீட்டுக்காரர்களிடம் விசாரிப்பது அவசியம்.

ஆங்கிலவழி போதுமென்றால் சந்திரநகர் நல்ல தேர்வு. கோவை நெடுஞ்சாலையை ஒட்டியிருப்பதால் பாலக்காடு நகரத்துக்கும் கஞ்சிக்கோட்டுக்கும் பேருந்தில் போய்வரலாம்.

கஞ்சிக்கோட்டிலேயே தங்க நினைப்பவர்கள் இரவிலும் ஒருமுறை தெருவைப் பார்க்க வேண்டும்: தொழிற்சாலைப் புகை, லாரி நடமாட்டம், மலையடிவாரத்தில் காட்டு யானை வரத்து எல்லாம் அப்போதுதான் தெரியும்.

எங்கே குடியேறினாலும் ஒன்றை நினைவில் வையுங்கள்: கேரளப் பள்ளிகளில் மலையாளத்தைக் கட்டாயமாக்கும் சட்டம் 2017-இல் வந்தது. அதனால் கோடை விடுமுறையிலேயே பிள்ளைகளுக்கு மலையாள எழுத்துகளைப் பழக்கத் தொடங்கலாம்.