வானவழியும் தரைவழியும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கடிவாரத்தில், விருதுநகர் மாவட்டத்தில் அமைந்தவை இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும். முன்னது பஞ்சாலைகளாலும் தன் பெயர் தாங்கிய வேட்டை நாயாலும் அறியப்படுவது. பின்னது ஆண்டாள் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரத்தால் விளங்குவது. இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே வானவழியாகச் செல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வினா நகைப்பிற்கு உரியதுபோல் தோன்றும். ஆயினும், கணக்கிட்டுப் பார்ப்போர்க்கு இதில் அறியத் தக்கன பல உள.

நிலப்படத்தில் ஓர் ஊரினின்று மற்றோர் ஊருக்கு நேர்கோடு வரைந்து அளந்தால் கிடைப்பது வானவழித் தொலைவு. சாலையோ கண்மாய்க் கரையைச் சுற்றியும், ஓடையைக் கடக்க ஏற்ற இடம் நாடியும், இடைப்பட்ட சிற்றூர்களைத் தொட்டும் செல்வது; ஆதலின் அது சிறிது நீளும். மலைநாட்டில் இவ்வேறுபாடு மிகுதி. நம் இரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட நிலம் பெரும்பாலும் சமவெளி. எனவே, எவ்வழி அளப்பினும் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் எனக் கொள்ளலாம்.

மணிக்கு 800 கிலோமீட்டர் விரையும் விமானம் இத்தொலைவை ஐம்பது விநாடியில் கடந்துவிடும். ஆனால், கடப்பது வேறு. ஏறி இறங்குவது வேறு. நெடுந்தொலைவு செல்லும் பயணிகள் விமானம் பறக்கும் உயரமே ஏறத்தாழ 10 அல்லது 11 கிலோமீட்டர். இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையிலுள்ள சாலையை அப்படியே செங்குத்தாக நிறுத்தினால் எவ்வளவோ, அவ்வளவு உயரம்! அங்கிருந்து விமானம் சரேலென்று இறங்க இயலாது. மூன்று பாகை அளவான சரிவில் மெல்ல மெல்லத் தாழ்தல் வேண்டும். அதற்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தேவை. சென்னையினின்று வரும் விமானம் திருவில்லிபுத்தூரில் இறங்குவதாயின், அது திருச்சிராப்பள்ளிக்கு அருகிலேயே தாழத் தொடங்கவேண்டும்.

இரண்டு ஊர்களிலும் விமான நிலையம் இல்லை. அதற்கு நீண்ட ஓடுபாதை வேண்டும். அண்மையில் உள்ள விமான நிலையம் மதுரையினது. இராசபாளையத்தார் ஒருவர் விமானம் ஏறும் விருப்பத்துடன் திருமங்கலம் நெடுஞ்சாலையில் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வழியில் அவர் முதலிற் கடக்கும் நகரம் எது? திருவில்லிபுத்தூரே! போகவேண்டிய ஊரைப் பேருந்திலேயே அரைமணி நேரத்தில் அடைந்துவிட்ட அவர், இனி விமானத்தை நாடுவானேன்?

சென்னைக்குச் செல்வதாயின் கணக்கு மாறும். மதுரையினின்று சென்னைக்கு விமானம் வானில் பறக்கும் நேரம் ஏறத்தாழ ஒன்றேகால் மணி. மதுரை வரையில் சாலைப் பயணம், விமான நிலையத்தில் சோதனைகளுக்கும் காத்திருப்பிற்கும் ஆகும் பொழுது, மீனம்பாக்கத்தினின்று நகருக்குள் செல்லும் நேரம் ஆகியவற்றைக் கூட்டினால் ஐந்தாறு மணி நேரம் ஆகிவிடும். அதில் பெரும்பகுதி தரையிலேயே கழிவது. பொதிகை விரைவு வண்டியில் ஏறியவரோ இரவெல்லாம் உறங்கிக்கொண்டே சென்னை சேர்வார், செலவும் குறைவு.

கடும் நோயுற்றோரைக் கொண்டு செல்லும்பொழுது இக்கணக்கு விளையாட்டன்று. நெடுங்காலம் இப்பகுதி மக்கள் உயர் சிகிச்சைக்கு மதுரைப் பெரிய மருத்துவமனையையே நாடினர். சாலையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். எவ்வளவு விரைந்த ஊர்தியாயினும் இந்நேரத்தை ஓரளவே குறைக்க இயலும். 2022ஆம் ஆண்டு சனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றது. இவ்விரண்டு ஊர்களுக்கும் அது மதுரையினும் அண்மையது. சாலை வழியே ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம்.