பாம்புக்கு ஒரு வேளைச் சாப்பாடு எவ்வளவு?

"மாமா, உங்க வயல்ல எலி இருக்குல்ல? நல்லா பெருசா ஒண்ணு பிடிச்சிட்டு வாங்களேன்."

போன மார்கழியில் அக்கா பையன் தொலைபேசியில் இப்படிக் கேட்டபோது நான் நவரைக்கு நாற்றங்கால் தயார் பண்ணிக்கொண்டிருந்தேன். எலி ஒழிய வழி கேட்டு எத்தனையோ பேர் பேசியிருக்கிறார்கள். எலி வேணும்னு கேட்டவன் இவன் ஒருத்தன்தான்.

முகப்பேரில் எங்கள் குடும்பத்துக்கு நிலம் இருந்த காலம் அப்பாவோடு முடிந்தது. நெல் விளைந்த இடமெல்லாம் இப்போது அடுக்குமாடி. நான் குடியிருப்பது முகப்பேரில், உழுவது திருவள்ளூர் பக்கம் குத்தகைக்கு எடுத்த இரண்டு ஏக்கரில். அக்கா வீடு எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடி. அங்கேதான் பையன் கண்ணாடிப் பெட்டியில் ஒரு பாம்பு வளர்க்கிறான். பால் பைத்தான் என்று பெயர். பெயரைக் கேட்டுவிட்டு எங்க அம்மா முதல் நாள் ஒரு கிண்ணத்தில் பால் காய்ச்சி ஆற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பந்து மாதிரி சுருண்டுகொள்வதால் ஆங்கிலத்தில் அந்தப் பெயர். ஆப்பிரிக்காவின் மேற்கு, நடுப் பகுதிகளைச் சேர்ந்தது. பாலுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது, புற்றில் ஊற்றும் பாலுக்கும் நம் ஊர்ப் பாம்புக்கும் சம்பந்தம் இல்லாதது போலவே.

எலி கொண்டுபோகவில்லை. நேரில் போனேன். பெட்டிக்குள் பாம்பு சோர்ந்து கிடந்தது. அதற்கு மூன்று நாள் முன்னால் கடையில் வாங்கிய பெரிய எலி ஒன்றைப் போட்டிருக்கிறான். விழுங்கிவிட்டது. மூன்றாம் நாள் அப்படியே கக்கிவிட்டது. அறையே நாறியது. "பசியா இருக்கும் மாமா, அதான் இன்னொண்ணு பெருசா கேட்டேன்" என்றான். கன்றுக்குக் கழிச்சல் வந்தால் இன்னும் ஒரு படி பால் ஊட்டுகிற மாதிரிதான் இது.

சமையலறைத் தராசில் ஒரு டப்பாவை வைத்து அதில் பாம்பை நிறுத்தோம். 640 கிராம். அவன் போட்ட எலி கடைக்காரர் சொன்ன கணக்கில் 200 கிராமுக்கு மேல். அதாவது உடம்பு எடையில் மூன்றில் ஒரு பங்கு. 60 கிலோ ஆள் ஒரே வாயில் 20 கிலோவை மெல்லாமல் விழுங்கிய கணக்கு.

விழுங்கிடுச்சே, அப்புறம் என்ன என்று அவன் கேட்டான். நல்ல கேள்வி. பாம்பின் வாய் ஒரு விந்தை. தாடை கழன்று மாட்டிக்கொள்ளும் என்று சொல்வார்கள், அது சரியில்லை. கீழ்த்தாடையின் இரண்டு பக்க எலும்பும் நமக்கு இருப்பதுபோல் முன்னால் ஒட்டியிருக்காது, இழுபடும் தசைநாரால் மட்டும் இணைந்திருக்கும். மண்டையோடு அதைச் சேர்க்கிற எலும்பும் நன்றாக அசைந்துகொடுக்கும். வலது பக்கம் ஒரு எட்டு, இடது பக்கம் ஒரு எட்டு என்று இரையின் மேல் வாய் நடந்து போகும். மூச்சுக்குழாயின் வாயை முன்னால் நீட்டி வைத்துக்கொள்ளும், அதனால் மூச்சு அடைக்காது. நெஞ்செலும்பு கிடையாது, விலா விரிந்து இடம் கொடுக்கும். ஆக, வாய் விழுங்கிவிடும். செரிப்பதுதான் சிக்கல்.

பர்மிய மலைப்பாம்பை வைத்து அமெரிக்க ஆய்வாளர்கள் 2005இல் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். பெரிய இரை எடுத்த இரண்டே நாளில் அதன் இதயத் தசை 40 விழுக்காடு பெருத்துவிடுகிறது. குடலும் பெருக்கும். சாப்பாடு செரித்ததும் எல்லாம் பழையபடி சுருங்கும். ஒவ்வொரு வேளைக்கும் ஒரு ஆலையைக் கட்டி, வேலை முடிந்ததும் பிரித்துப்போடுகிற மாதிரி. இந்த ஆலைக்கு எரிபொருள் வெளிச்சூடு. நம்மைப் போல உள்ளே அடுப்பு எரியாது. வெயிலோ, சூடான தரையோ வேணும். இரை பெரிசாகி, சூடும் குறைந்தால், உள்ளே இருப்பது செரிக்கும் முன்னால் அழுக ஆரம்பிக்கும். அப்போது கக்குவதுதான் பாம்பு உயிர் பிழைக்கும் வழி.

"ராத்திரி ஏசி எத்தனைல வைப்ப?" என்று கேட்டேன். "இருபத்திரெண்டு."

அங்கேதான் பாதி விடை இருந்தது. இந்த வகைப் பாம்புக்குப் பெட்டியின் ஒரு பக்கம் 31, 32 டிகிரி இருக்கணும், மறுபக்கம் 26 மாதிரி இருக்கணும், அது விரும்பிய பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும். பையன் வெப்பப்பாய் போட்டிருந்தான், ஆனால் வெப்பமானி இல்லை.

மீதிப் பாதி விடையை எனக்குச் சொன்னவர் எங்கள் வயலில் அறுவடைக்கு அப்புறம் எலி வெட்ட வரும் இருளர் பெரியவர். வளையை வெட்டி எலியையும் அது சேர்த்து வைத்த கதிரையும் எடுப்பது அவர்கள் வேலை. பாம்பைப் பற்றிக் கேட்க அவர்களை விட்டால் யார் இருக்கிறார்கள்? 1972 வனவுயிர்ச் சட்டம் வந்து பாம்புத்தோல் வணிகம் நின்றபோது பிழைப்பு போன இருளர்களுக்காக 1978இல் வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. நம் நாட்டில் பாம்புக்கடி மருந்து செய்ய அவர்கள் எடுத்துத்தரும் நஞ்சு போகிறது. அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எங்கள் பெரியவருக்குப் பட்டம் எதுவும் இல்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்: "தலையப் பாக்காத ஐயா, இடுப்பப் பாரு. இடுப்பு எத்தினியோ, எலி அத்தினி."

உலகம் முழுக்கப் பாம்பு வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் அளவும் ஏறக்குறைய இதுவேதான். பாம்பின் நடு உடம்பில் ஆகத் தடித்த இடத்தில் ஒரு நூலைச் சுற்றிப் பாருங்கள். இரையின் தடித்த பகுதியும் அந்த அளவில் இருக்கணும். மிஞ்சிப்போனால் ஒன்றேகால் மடங்கு. எடையில் சொன்னால், வளரும் குட்டிக்கு உடல் எடையில் 10 முதல் 15 விழுக்காடு, வாரத்துக்கு ஒரு தடவை. வளர்ந்து முடிந்ததற்கு 5, 6 விழுக்காடு போதும், அதுவும் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை. சாப்பிட்ட பிறகு வயிற்றில் லேசான புடைப்பு தெரியும், ஓரிரு நாளில் அமுங்கிவிடும். அது சரியான அளவு. புடைப்பே தெரியவில்லை என்றால் அடுத்த தடவை கொஞ்சம் கூட்டலாம். செதிலுக்கு நடுவே தோல் தெரியும்படி பிதுங்கினால் கூடுதல். சாப்பிட்டு இரண்டு நாள் தூக்கக் கூடாது, தூக்கினாலும் கக்கும். முதுகெலும்பு கூரை முகடு மாதிரி துருத்திக்கொண்டிருந்தால் பட்டினி, உடம்பு உருளையாகி வால் பக்கம் மடிப்பு விழுந்தால் கொழுப்பு. மாடு பார்க்கத் தெரிந்தவருக்கு இது கஷ்டமே இல்லை.

பையனின் பாம்புக்கு 64 கிராம் இரை சரி. நான் வயலில் இருந்து கரம்பை எலி ஒன்றைக் கொண்டுபோயிருந்தால் அது 250 கிராமாவது இருந்திருக்கும். பாம்பு போயிருக்கும். அளவு மட்டும் இல்லை, வயல் எலியின் உடம்பில் புழு, உண்ணி, எலிக்காய்ச்சல் கிருமி எல்லாம் இருக்கும். பக்கத்து வயல்காரர் வைத்த நஞ்சைத் தின்றிருந்தாலும் நமக்குத் தெரியாது. உயிரோடு போட்டால் பாம்பையே கடித்துக் குதறவும் செய்யும். உறையவைத்து விற்கும் எலியை வெந்நீரில் வைத்து இளக்கித் தருவதுதான் நல்லது.

கக்கிய பாம்புக்கு உடனே தீனி போடக் கூடாது. தொண்டையும் குடலும் அமிலத்தில் புண்ணாகியிருக்கும். இரண்டு வாரம் தண்ணீர் மட்டும். அப்புறம் வழக்கத்தில் பாதி. பாம்பு பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவரிடமும் காட்டினான், அவரும் இதையே சொன்னார். இரண்டு வாரமும் அக்கா என்னைத் திட்டிக்கொண்டே இருந்தாள், "வாயில்லா ஜீவனைப் பட்டினி போடறீங்களேடா" என்று.

இன்னொன்றும் பையனிடம் சொன்னேன். இந்த மாதிரி அயல்நாட்டுப் பாம்பு வைத்திருப்பவர்கள் 2024இல் வந்த விதிப்படி வனத்துறையில் இணையவழியாகப் பதிந்துகொள்ள வேண்டும். அவன் பதியாமல் இருந்தான், உட்காரவைத்துப் பதியச் சொன்னேன். நம் ஊர்ப் பாம்பை வளர்ப்பது குற்றம். மண்ணுளியைக் கோடி ரூபாய் போகும் என்று ஏமாற்றி விற்பவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வளர்க்க முடியாமல் போனால் கூவக்கரையில் கொண்டுபோய் விடலாம் என்ற எண்ணமும் வேண்டாம். அமெரிக்காவின் ஃப்ளோரிடா சதுப்பு நிலத்தில் செல்லமாக வளர்த்த பர்மிய மலைப்பாம்புகள் அப்படித்தான் வெளியே போய்ப் பெருகி, முயல் முதல் மான் வரை விழுங்கித் தீர்த்துக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பிடிக்கத்தான் 2017இல் மாசியையும் வடிவேலையும் அங்கே கூப்பிட்டார்கள். போன சில நாட்களிலேயே 13 பிடித்துக் கொடுத்தார்கள்.

செல்லப் பாம்பு கதை நமக்கு எதுக்கு என்று வாசகர்கள் கேட்கலாம். எனக்கு இந்தக் கணக்கு நான்கு வருஷம் முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். அந்தச் சம்பாவில் கிழக்கு வரப்பில் நல்ல நீளமான சாரை ஒன்றைப் பார்த்தேன். சாரை வந்துட்டுது, இனி எலிக் கவலை விட்டுதுன்னு கிட்டி வைக்காமல் இருந்துவிட்டேன். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் கிழக்கு மூலையில் ஐந்தாறு சென்ட் சாய்வாக வெட்டுப்பட்டுக் கிடந்தது. எலிதான். சாரையை நம்பி மோசம்போனேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சாரை மேல் தப்பில்லை, என் கணக்குதான் தப்பு. ஆறடிச் சாரை ஒன்று ஒரு கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளைக்கு நூறு, நூற்றைம்பது கிராம். ஓடியாடும் பாம்பு என்பதால் வாரத்துக்கு இரண்டு வேளை என்று தாராளமாகவே போட்டாலும் மாதம் எட்டு இரை. அதிலும் பாதி தவளை. அரைக் கிலோ அளவுள்ள கூகை ஒரே இரவில் ஒன்றிரண்டு எலி தின்னும், ஏன் என்றால் அதன் உடம்பு உள்ளேயே அடுப்பு எரித்துக்கொண்டிருக்க வேண்டும். பாம்புக்கு அந்தச் செலவு இல்லை. ஒரு கரம்பை எலி மூன்று வாரத்துக்குச் சற்று மேலே சுமந்து ஆறு, ஏழு குட்டி போடும். மாதம் எட்டு இரை என்ற கணக்கு அதற்கு ஈடாகாது.

அப்படியானால் சாரை வேண்டாமா? அங்கேயும் அந்த இடுப்பு அளவுதான் விடை. முழுசாக வளர்ந்த கரம்பை எலி அதற்குச் சிரமமான இரை. குட்டியும் இளசும் சரியான அளவு. கூகை வளைக்குள் போகாது, பூனை போகாது, கிட்டி போகாது. சாரை போகும். மலைப்பாம்பு மாதிரி சுற்றி நெரிப்பதெல்லாம் அதற்குப் பெரிசாகத் தெரியாது. வளைச் சுவரோடு வைத்து அழுத்தி விழுங்கும். ஒரு வளையில் இருக்கும் அத்தனை குட்டியும் ஒரு வேளைக்கு ஆகும். கிட்டியில் விழும் கிழட்டு எலி ஒன்று, சாரை தின்னும் குட்டி ஆறு. அதனால் இரண்டும் வேணும். வரப்பைச் சிறுத்துக் கட்டுவது, பறவை உட்காரக் குச்சி நடுவது, தஞ்சாவூர் கிட்டி வைப்பது, எலி வெட்டுவது எல்லாம் நம் வேலை. சாரையின் வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

வயிறு புடைத்த சாரையை வரப்பில் பார்த்தால் விலகிப் போங்கள். அந்த நேரத்தில் அதால் வேகமாக ஓட முடியாது. விரட்டினால் எடையைக் குறைக்க இரையைக் கக்கிவிட்டு ஓடும். வேலைக்கு வந்தவர்கள் முன்னால் வீரம் காட்டுகிறேன் என்று ஒருமுறை குச்சியோடு நானும் விரட்டினேன். முழு எலி ஒன்றைக் கக்கிவிட்டுப் போனது. எல்லோரும் சிரித்தோம். பையன் வீட்டில் அந்தச் சோர்ந்த பாம்பைப் பார்க்கும்வரை, நான் அன்றைக்கு என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது.

தை பிறந்த பிறகு பையன் 30 கிராம் இரை கொடுத்தான். நின்றது. அடுத்த வாரம் 45. நாள்காட்டியில் தேதியும் கிராமும் எழுதி வைக்கிறான். போன வாரம் நிறுத்தபோது 690 காட்டியது. வயலில் இந்த நவரைக்குக் கிட்டி வைத்தாயிற்று. கிழக்கு வரப்பில் ஒரு வளை வாயில் சட்டை உரித்துப் போட்டிருந்தது, அந்த வளைப் பக்கம் மட்டும் வைக்கவில்லை.