மருந்து என்ற பெயரில் வந்த நஞ்சு



மனிதன் எத்தனையோ பொருட்களைக் கண்டுபிடித்திருக்கிறான். மின்விளக்கு, தடுப்பூசி, ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் ரோலர் எல்லாம் நமக்கு நன்மை தருகின்றன. ஆனால் "இது வராமலே இருந்திருக்கலாமே" என்று நினைக்க வைப்பவையும் உண்டு. அப்படிப்பட்ட ஒன்றை இம்முறை பாடமாக எடுத்துக்கொள்வோம். அது நம் மலைகளில் பல வருடங்கள் புல்லுக்கு அடித்த பரக்குவாட். கிரமக்சோன் என்றால் பெரியவர்களுக்கு உடனே விளங்கும்.

நான் இந்த வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்ததை முதலில் சொல்கிறேன். மருந்தடிக்கும் தொழிலாளி ஒருவர், தன் மரக்கறிப் பாத்திப் பக்கத்துப் புல்லுக்கென்று கொஞ்சத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வந்து அடுப்படி மூலையில் வைத்திருந்தார். பாடசாலை விட்டு வந்த ஒன்பது வயது மகன் தாகத்தில் அதை எடுத்து வாயில் ஊற்றிவிட்டான். நாற்றம் பட்டதும் துப்பினான். ஒரு வாய்கூட முழுதாக உள்ளே போயிருக்காது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாயெல்லாம் புண். ஆனாலும் நன்றாகப் பேசினான். "எப்ப ஐயா வீட்டுக்கு விடுவாங்க?" என்று கேட்டான். தாயும், "புள்ளைக்கு ஒன்னும் இல்லீங்க ஐயா, தேறிட்டான்" என்றார். டாக்டர் என்னை வெளியே அழைத்து, நுரையீரல் கெட ஆரம்பித்துவிட்டது, இதற்கு மாற்று மருந்து கிடையாது என்றார். இரண்டு வாரம் முடியுமுன் பிள்ளை மூச்சுத் திணறி இறந்தான். கடைசிவரை அவனுக்கு நினைவு தெளிவாக இருந்தது.

தகப்பன் என்னிடம் சொன்ன வார்த்தை இன்னும் காதில் கேட்கிறது. "மருந்துன்னுதானே ஐயா கொண்டாந்தேன்."

எப்படி வந்தது?

இந்த இரசாயனம் முதலில் 1882 இல் ஆய்வுகூடத்தில் தயாரிக்கப்பட்டது. அப்போது அதற்குப் புல்லைக் கொல்லும் குணம் இருப்பது யாருக்கும் தெரியாது. அந்தக் குணத்தை 1955 இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பனி கண்டறிந்தது. 1962 இல் விற்பனைக்கு வந்தது.

தோட்டங்கள் ஏன் இதை விரும்பின? பச்சை இலையில் பட்டால் வெயிலின் உதவியுடன் அதைக் கருக்கிவிடும். மண்ணில் பட்டதும் மண்ணோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யாது. ஆகவே தேயிலை வேருக்குச் சேதமில்லை. சுரண்டியால் புல்லைச் சுரண்டும்போது மேல்மண் கலைந்து மழையில் கழுவிப் போகும். மருந்தடித்தால் அந்த நட்டம் குறைவு. ஆளும் குறைவாகப் போதும். இந்த நன்மைகளை நாம் மறைக்கக் கூடாது.

ஆனால் மனித உடலுக்குள் போனால் இது நுரையீரலில் சேர்கிறது. நுரையீரல் சுருங்கித் தழும்பாகி, காற்றை உள்வாங்க முடியாமல் போகிறது. டாங்கி ஒழுகி, முதுகில் காயமோ புண்ணோ இருந்து, அதன் வழியாக உள்ளே போய் இறந்த தொழிலாளர்களும் உலகில் உண்டு.

திருத்திப் பார்த்தார்கள்

ஆபத்துத் தெரிந்த பின் கம்பனிகள் சும்மா இருக்கவில்லை. மற்றப் பானம் என்று தவறி எடுக்காமலிருக்க நீலச் சாயம் கலந்தார்கள். கெட்ட நாற்றம் சேர்த்தார்கள். குடித்தால் வாந்தி வரும் பொருளும் சேர்த்தார்கள். 2004 இல் இலங்கைக்குப் புதிய கலவை ஒன்றும் வந்தது. பிழைத்தவர் தொகை சற்றுக் கூடியது. அப்படியும் விழுங்கியவர்களில் பெரும்பாலானோர் இறந்தார்கள்.

"கவனமாகப் பாவித்தால் ஆபத்தில்லை" என்று சிலர் சொல்வார்கள். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் கையுறை கிழியும், டாங்கி ஒழுகும், பிள்ளை தாகத்தில் ஓடிவரும். மனிதன் ஒருதரம் தவறினால் திருத்த வழியே தராத பொருள் ஏழை வீட்டு வாசலில் இருக்கலாமா?

நாடு செய்தது என்ன?

இலங்கையில் 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அதன்படி 1984 இல் பரதியன் தடை செய்யப்பட்டது. 1995 இல் மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ், 1998 இல் என்டோசல்பான் என்று ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டன. பரக்குவாட், டைமெதோயேட், பென்தியோன் ஆகியவை 2008 இல் தொடங்கி 2011 க்குள் படிப்படியாக விலக்கப்பட்டன.

பலன் என்ன? 1995 இல் நம் நாட்டில் ஒரு லட்சம் பேரில் 47 பேர் ஒரே வருடத்தில் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த தொகைகளில் அது ஒன்று. அடுத்த 20 வருடங்களில் அது 70 வீதத்துக்கு மேல் குறைந்தது. இத்தடைகளால் சுமார் 93,000 உயிர்கள் தப்பியதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். முந்திய தடைகளின் பின் நெல், மரக்கறி விளைச்சல் குறையவும் இல்லை.

நம் வீடுகளில் சண்டையும் கடனும் துக்கமும் நின்றுவிட்டனவா? இல்லை. கோபமும் துக்கமும் கண்ணை மறைக்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது. அந்த நேரத்தைத் தாண்டிவிட்டால் மனிதன் பிழைத்துக்கொள்வான். கொடிய நஞ்சு கைக்கெட்டாமல் போனதால் பலருக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தலாமா?

இதற்கும் நம்மிடமே பாடம் இருக்கிறது. 2021 மே மாதம் இரசாயன உரத்தையும் விவசாய இரசாயனங்களையும் இறக்குமதி செய்வது ஒரேயடியாக நிறுத்தப்பட்டது. மாற்று ஏற்பாடு போதவில்லை. நவம்பரில் தடை நீக்கப்பட்டது. ஆனாலும் 2021 இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022 இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாக விழுந்தது. கொழுந்து குறைந்தால் யாருடைய பேர் குறையும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே கண்டுபிடிப்பு எல்லாம் கெட்டது என்று நாம் சொல்லவில்லை. எது கொடியது என்று அடையாளம் கண்டு, மாற்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். பரக்குவாட்டை அப்படித்தான் விலக்கினோம். தேயிலை அதனால் அழிந்துவிடவில்லை.

நாம் செய்யவேண்டியவை

1. எந்த மருந்தையும் லயத்துக்குக் கொண்டுவராதீர்கள். சோடாப் போத்தலில் ஊற்றவே வேண்டாம். வெற்றுக் கானைத் தண்ணீர் எடுக்கப் பாவிக்காதீர்கள்.

2. டாங்கி ஒழுகினால் கணக்கப்பிள்ளையிடம் சொல்லி மாற்றிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. உடம்பில் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

3. யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். லேபலோடு போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "நல்லாத்தானே இருக்கான்" என்று காத்திருக்க வேண்டாம்.

4. மனம் தாங்க முடியாத நேரத்தில் தனியாக இருக்காதீர்கள். அயலாரிடமோ என்னிடமோ வாருங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம்.

வீட்டில் பேசிப் பாருங்கள்

நம் காம்பிராவில் இப்போது எந்தப் போத்தலில் என்ன இருக்கிறது? பெயர் எழுதாத போத்தல் ஏதும் உண்டா? அதைப் பிள்ளைகள் எட்டி எடுக்க முடியுமா?

கடைசியாக ஒரு வேண்டுகோள். புல்லுக்கும் பூச்சிக்கும் அடிப்பதை இனி "மருந்து" என்று பிள்ளைகள் முன் சொல்லாதீர்கள். டிஸ்பென்சரியில் தருவதுதான் மருந்து. இது நஞ்சு. அந்தப் பெயரையே சொல்லிப் பழகுவோம்.