மூக்குக்கண்ணாடியும் லேசர்க் கதிரும்

பள்ளிக்கூடத்துக் கரும்பலகை மங்கத் தொடங்கிய பிராயத்தில் மூக்கில் ஏறிய கண்ணாடியை, கடற்காற்றின் உப்புப் படியும்போதெல்லாம் சேலைத் தலைப்பாலும் சட்டை நுனியாலும் துடைத்தே காலம் கழித்தவர்கள் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில், ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் அநேகர். கொழும்புக்கோ சென்னைக்கோ போய் லேசர்ச் சத்திரசிகிச்சை செய்துகொண்டு கண்ணாடியின்றித் திரும்பிய உறவினரைக் காணுகையில் அவர்களுக்கு ஆசை பிறப்பது இயல்பே. ஆனால் அந்த ஆசையைச் சூழ்ந்திருக்கும் நம்பிக்கைகளிற் சில வீண் பயத்தையும், வேறு சில அதனினும் கெடுதியான வீண் நிச்சயத்தையும் விளைவிப்பதால், அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது அவசியமாகின்றது.

லேசர் கண்ணைச் சுட்டுப் பொசுக்கிவிடும் என்பது முதலாவது பயம். இச்சிகிச்சையின் விசேஷமே அது சுடாமையில்தான் இருக்கின்றது. 1929இல் சென்னையிற் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் பயின்று, பின்னர் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் யோர்க்டவுன் ஹைட்ஸ் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய ரங்கசாமி ஸ்ரீனிவாசன் என்னும் விஞ்ஞானி, 1981ஆம் ஆண்டு நவம்பரில், முந்திய நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழியின் எலும்பையும் குருத்தெலும்பையும் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுசென்று, 193 நனோமீற்றர் அலைநீளமுள்ள எக்சிமர் லேசரை அவற்றின்மீது செலுத்திப் பார்த்தார். பட்ட இடம் கத்தியாற் செதுக்கியதுபோல் விலகியது. அயலிலிருந்த இழையமோ கருகவில்லை. அக்கதிர் வெப்பத்தால் எரிக்காமல், மூலக்கூறுகளின் பிணைப்பை அறுத்து அவற்றை ஆவியாக்கி அகற்றுவதே காரணம். ஒரு துடிப்பு அகற்றுவது ஏறக்குறைய கால் மைக்கிரோன் மாத்திரமே. தம் தோழர்களான ஜேம்ஸ் வின், சாமுவேல் புளும் ஆகியோருடன் அவர் நிறுவிய இவ்வுண்மையே பிற்காலத்துக் கண் சிகிச்சைக்கு அஸ்திவாரமாயிற்று. அதற்கான அமெரிக்கத் தேசிய விருது ஜனாதிபதி ஒபாமாவின் ஆட்சியில் 2013இல் மூவருக்கும் வழங்கப்பட்டது. தமிழ் நாட்டிற் பிறந்த ஒருவரின் பெயரை, இச்சிகிச்சையைப் பற்றி வாய் ஓயாமற் பேசும் நம்மவரிற் பெரும்பாலோர் கேள்விப்பட்டதேயில்லை என்பது எனக்கு மெய்யாகவே வருத்தந் தருவது.

ஒருமுறை செய்தால் ஆயுளுக்கும் கண்ணாடி வேண்டாம் என்பது இரண்டாவது நம்பிக்கை. லேசர் மாற்றுவது கண்ணின் முன்புறத்திலுள்ள கருவிழியின் வளைவை மாத்திரமே. நாற்பது வயதளவில் வரும் வெள்ளெழுத்தோ, கருவிழிக்குப் பின்னாலிருக்கும் வில்லை தன் நெகிழ்ச்சியை இழப்பதால் வருவது. மைனஸ் இரண்டு பவருள்ள நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர், கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கோயிலிற் கந்தபுராணம் படிப்பார். அறுந்த வலைக்கண்ணைப் பின்னுவார். தூரப் பொருளுக்காக லேசர் செய்துகொண்டால், குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்றபடியே வரும் படகின் பெயரை வாசிக்கும் அவருக்கு, கையிலுள்ள ஏட்டைப் படிக்கக் கண்ணாடி தேவைப்படும். ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெறுகிறோம் என்பதை முன்னரே சொல்லாத ஆலோசனை முழுமையான ஆலோசனையன்று.

பணமிருந்தால் எவரும் செய்துகொள்ளலாம் என்பதும் தவறு. கருவிழியின் தடிப்பு அரை மில்லிமீற்றருக்குச் சற்று அதிகம். பவர் ஒவ்வொன்றுக்கும் சுமார் பன்னிரண்டு முதல் பதினைந்து மைக்கிரோன் வரை சீவவேண்டியிருப்பதால், மைனஸ் ஆறு உள்ளவர் தொண்ணூறு வரை இழப்பார். லாசிக் என்னும் லேசர் முறையில் கருவிழியின் மேலே திறக்கும் மடல் வேறு நூறு மைக்கிரோனுக்குமேற் கொள்ளும். எஞ்சுவது போதாதெனில் கருவிழி நாளடைவிற் கூம்பிப் பார்வை கெடும். ஆகையால், பதினெட்டு வயது நிரம்பாதவருக்கும், ஓராண்டாகப் பவர் நிலைக்காதவருக்கும், கருவிழி முன்னரே கூம்பத் தொடங்கியவருக்கும் நல்ல வைத்தியர் மறுத்துவிடுவார். கலியாணப் பேச்சு நடக்கிறதென்று அவசரப்படுத்தும் பெற்றோர், அந்த மறுப்பை வைத்தியர் செய்த உபகாரமாகக் கொள்ளல் வேண்டும்.

கண்ணாடி போட்டதனால்தான் பவர் ஏறியது என்பதும் பொன்னாங்காணி தின்றால் அது இறங்கும் என்பதும் ஆதாரமற்றவை. இளமையிற் கண்கோளம் நீள்வதே பவர் ஏறக் காரணம். கீரையிலுள்ள சத்து மாலைக்கண்ணைத் தடுக்கும், கிட்டப்பார்வையைத் தீர்க்காது. முதியோருக்குச் செய்யும் கண்புரைச் சத்திரசிகிச்சையையும் நம்மவர் "லேசர் ஒப்பரேசன்" என்றே சொல்வதுண்டு. அங்கே பெரும்பாலும் புரையை உடைப்பது மீயொலி அலை.

தீவுவாசிகள் தனியே சிந்திக்கவேண்டியவை சில உண்டு. லாசிக் மடல் பலத்த அடிபட்டால் விலகக்கூடும். ஆகவே கடலட்டைக்குச் சுழியோடுபவரும், தோணியிற் கயிறும் கம்பும் இழுப்பவரும், மடல் திறவாமல் மேற்பரப்பிற் செய்யும் முறையைப் பற்றி வைத்தியரிடம் கேட்பது நல்லது. அதில் சில நாள் நோவும், பார்வை தெளியச் சில வாரத் தாமதமும் உண்டு. சோளகக் காற்று மணலை வாரியடிக்கும் மாதங்களிற் சிகிச்சை செய்துகொண்டு உடனே வீடு திரும்புவதும் புத்தியன்று. கண் உலர்வது இச்சிகிச்சையின் சாதாரண பின்விளைவு.

இன்னொன்று, இவை எல்லாவற்றினும் முக்கியமானது. கண்ணாடி போனாலும் நீண்ட கண்கோளமும் மெலிந்த விழித்திரையும் அப்படியேதான் இருக்கும். கண்ணில் மின்னலடிப்பதும், கரும்புள்ளிகள் திடீரெனப் பெருகுவதும், ஓரத்தில் திரை விழுவதும் விழித்திரை கழலுவதற்கான அறிகுறிகள். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகிலேயே ஏறக்குறைய ஒரு மணி நேரம் செல்லும்; அதற்குப் பின் யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி. ஆதலால் நாளைக்குப் பார்ப்போம் என்று தங்காமல் அடுத்த படகிலேயே புறப்படுங்கள்.

வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் நிறுவிய கண்தானச் சங்கம் ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளுக்குக் கருவிழி அனுப்பியிருக்கின்ற இலங்கையில், லேசர் செய்தவர் கண்தானம் செய்யமுடியாதென்றும் ஒரு பேச்சு உலவுகின்றது. முழுக் கருவிழியாக அது பயன்படாவிட்டாலும், உட்படலத்தை மாத்திரம் மாற்றும் சிகிச்சைக்குப் பயன்படும். ஆகவே கண்தானப் படிவத்திற் கையெழுத்திடத் தயங்கவேண்டாம்.

சிகிச்சைக்கு முன் எடுத்த பவர் அளவும் கருவிழி அளவும் எழுதிய துண்டை, காணி உறுதியோடு உறுதியாகப் பத்திரப்படுத்தி வையுங்கள். முதுமையிற் புரை வந்து செயற்கை வில்லை பொருத்தும்போது, சரியான அளவைக் கணிக்க வைத்தியர் முதலிற் கேட்பது அதைத்தான்.