மூடியில் ‘மலாய்’, பெட்டிக்குள் பழைய பவர் சப்ளை

நம்பிக்கைகளும் உண்மைகளும்: கேமிங்குக்குப் பழைய கணினி வாங்குவோருக்கு

“மூடியில் ‘மலாய்’ என்று இருந்தால் நல்ல சில்லு”

பழைய இன்டெல் சில்லின் உலோக மூடியில் அப்பியிருக்கும் பசையைத் துடைத்தால், அது எந்த நாட்டில் முடிக்கப்பட்டது என்பது தெரியும். சிலவற்றில் ‘மலாய்’, சிலவற்றில் ‘கோஸ்டா ரிக்கா’. எந்த நாட்டுச் சில்லை அதிக வேகத்துக்கு முடுக்கலாம் என்று கேம் பிரியர்கள் ஒரு காலத்தில் உலகம் முழுக்க மல்லுக்கு நின்றார்கள். பினாங்குக்காரர்களுக்கு இதில் ஊர்ப் பெருமையும் சேர்ந்துகொள்ளும். அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் அமைத்த முதல் தொழிற்சாலை, 1972-இல் பாயான் லெப்பாசில் வந்ததுதான். ஃபேக்டரி பஸ்ஸில் ஷிப்ட் வேலைக்குப் போன ஓர் அத்தையோ சித்தியோ இல்லாத குடும்பம் இங்கே குறைவு.

பெருமை நியாயமானது, அதற்காகக் கூடுதல் விலை கொடுப்பது வீண். சில்லை உறையிலிட்டுச் சோதித்துத் தரம் பிரிப்பதுதான் பினாங்கில் நடக்கும் வேலை. சிலிக்கான் தட்டில் மின்சுற்றைப் பதிப்பது அமெரிக்கா, அயர்லாந்து, இஸ்ரேல் ஆலைகளில். முத்திரை சொல்வது கடைசிக் கட்டம் நடந்த இடத்தை மட்டுமே. சில்லு இங்கே முடிக்கப்படுவதால் இங்கே மலிவு என்பதும் இதே கதைதான். அது உலகச் சந்தைக்குப் போய், உலகச் சந்தை விலையோடுதான் கொம்தார் கடைக்குத் திரும்பி வருகிறது.

“ஐ7 என்றால் ஐ7தான்”

விளம்பரத்தில் ‘கோர் ஐ7, 16 ஜிபி ரேம், கேமிங் பிசி’ என்று மட்டும் இருந்தால், விற்பவர் எதையோ சொல்லாமல் விட்டிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஐ7 என்பதுதான் அது. ஐ7-2600 வெளிவந்தது 2011-இல். நான்கு கோர், எட்டு த்ரெட். 2022-இல் வந்த ஐ3-12100-க்கும் அதே நான்கு கோர், எட்டு த்ரெட். ஆனால் கேமில் அந்த ‘சின்ன’ ஐ3 பழைய ஐ7-ஐ வெகுதூரம் பின்னுக்குத் தள்ளிவிடும். கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைப் படியுங்கள்: 4790 என்றால் நான்காம் தலைமுறை, 8400 என்றால் எட்டாம் தலைமுறை, 12400 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. கடைசியில் ‘டி’ என்ற எழுத்து இருந்தால் மின்சாரம் மிச்சம் பிடிக்க வேகத்தைக் குறைத்த சில்லு. ஐ7-6700 65 வாட், ஐ7-6700டி 35 வாட். இந்த ‘டி’ வகை, உள்ளங்கை அகல அலுவலகப் பெட்டிகளில் அதிகம் கிடைக்கும்; அந்தப் பெட்டிகளில் கிராபிக்ஸ் கார்டு செருக வழக்கமான ஸ்லாட்டே இருக்காது.

“கம்பெனி பிசி வாங்கி, நல்ல கார்டு ஒன்று போட்டால் போதும்”

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். ஏமாற்ற ஆள்கூடத் தேவையில்லை.

குத்தகை முடிந்து நிறுவனங்கள் கழித்துவிடும் டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலீட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் எல்லாம் உழைக்கும் எந்திரங்கள்தான். எக்செல்லும் மின்னஞ்சலும் ஓட்டிய பெட்டி என்பதால் பெரிதாகத் தேய்ந்திருக்காது. சிக்கல் அதன் பவர் சப்ளையில். ஒல்லியான ஆப்டிபிளெக்ஸ்களில் 240, 255 வாட் பவர் சப்ளைதான் இருக்கும். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு மட்டுமே 170 வாட் இழுக்கும். அந்தக் கார்டுக்கு என்விடியா சொல்லும் பவர் சப்ளை 550 வாட். சரி, வேறு பவர் சப்ளை மாற்றிவிடலாமே என்றால், ஆப்டிபிளெக்ஸ் 7020, 9020 தாய்ப்பலகைகளில் வழக்கமான 24 ஊசி இணைப்பு இல்லை. டெல்லுக்கே உரிய 8 ஊசி இணைப்பு. மாற்றுக் கேபிள் தேட வேண்டும். கேபிள் கிடைத்தாலும் ஒல்லிப் பெட்டிக்குள் சாதாரண பவர் சப்ளை நுழையாது, முழு உயரக் கார்டும் நுழையாது. மலிவாக வாங்கிய பெட்டிக்குப் புதுப் பெட்டி, புதுத் தாய்ப்பலகை என்று செலவு வளரும்.

ஆகவே இப்படிப்பட்ட பெட்டிக்கு வேறு துணை மின்கேபிள் கேட்காத கார்டுதான் பொருந்தும். தாய்ப்பலகை ஸ்லாட் வழியாகக் கார்டுக்குக் கிடைக்கும் மின்சாரம் அதிகபட்சம் 75 வாட். அந்த வரம்புக்குள் நிற்பவை ஜிடிஎக்ஸ் 1650, 2024-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகை போன்றவை. குட்டை உயர வடிவமா என்று பார்த்து வாங்க வேண்டும். டோட்டாவுக்கும் வாலரண்டுக்கும் இது தாராளம். அதற்கு மேல் ஆசை இருந்தால் கம்பெனி பிசி பக்கமே போகாதீர்கள்.

கண்ணாடிப் பக்கமும் வண்ண விளக்குகளும் வைத்த ‘கேமிங்’ பெட்டிகளை நான் இன்னும் அதிகம் சந்தேகப்படுவேன். பக்கக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, பவர் சப்ளையின் ஸ்டிக்கரைப் படியுங்கள். பெரிய எழுத்தில் 500 வாட் என்றிருக்கும். கீழே 12 வோல்ட் வரிசையில் 20 ஆம்பியர் என்றிருந்தால், சில்லுக்கும் கார்டுக்கும் சேர்த்துக் கிடைப்பது 240 வாட்தான். ‘80 பிளஸ்’ முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் இருக்கிறது என்பதைச் சொல்லும். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் எத்தனை வருஷம் தாங்கும் என்பதைச் சொல்லாது. பெட்டி கடலோர அடுக்குமாடியில் இருந்தது என்றால் பின்பக்கத் துளைகளையும் திருகாணிகளையும் பாருங்கள். உப்புக்காற்றில் துரு பிடித்துவிடும். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வேண்டாம்.

“மைனிங் கார்டு செத்த கார்டு”

கிரிப்டோ நாணயமான எத்தீரியம் 2022 செப்டம்பர் 15-இல் மைனிங்கைக் கைவிட்டதும் கிராபிக்ஸ் கார்டுகள் பழைய சாமான் சந்தைக்கு வந்து குவிந்தன. அவற்றைத் தொடவே பலருக்கு அச்சம். ஆனால் மைனிங் செய்பவர் மின்கட்டணம் குறைய கார்டின் வோல்டேஜைக் குறைத்து ஓட்டுவார். சூடு ஏறி இறங்காமல் ஒரே நிலையில் நிற்கும். சாலிடர் இணைப்புகளுக்குக் கெடுதல் மாறி மாறிச் சூடாகிக் குளிர்வதுதான். அது கேம் ஆடுபவரின் கார்டில் அதிகம். மைனிங்கில் தேய்வது விசிறியும் வெப்பப் பட்டையும். ஆர்டிஎக்ஸ் 3080, 3090 கார்டுகளில் நினைவகம் கடுமையாகச் சூடாகும் என்பதால் அவற்றில் மட்டும் கூடுதல் கவனம். விற்பவர் முன்னாலேயே அரைமணி நேரம் முழுச் சுமையில் ஓட்டிப் பாருங்கள். மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

2021-இல் மீரியில் போலீசார் ரோலர் ஏற்றி நசுக்கிய 1,069 எந்திரங்களை நினைத்து “அதே சாமான்தான் இங்கே வருகிறது” என்று பயப்படுகிறவர்களும் உண்டு. அவை பிட்காயின் மைனிங்குக்கென்றே செய்தவை. கேமா? அவற்றில் திரைக்கு இணைப்பே கிடையாது.

“கார்டின் பெயர் தெரிந்தால் போதும்”

ஜிடிஎக்ஸ் 1060 என்ற ஒரே பெயரில் 3 ஜிபி, 6 ஜிபி என இரண்டு கார்டு. 3 ஜிபியில் நினைவகம் மட்டுமல்ல, கோரும் குறைவு: 1,280-க்குப் பதில் 1,152. சீனச் சந்தைக்காக 2018-இல் வந்த ‘ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி’ பெயரில்தான் 580. உள்ளே இருப்பது 570. பழைய கார்டின் பயாஸை மாற்றி 1050 டிஐ என்று பெயர் சூட்டிய போலிகளும் உண்டு. ஜிபியு-இசட் இலவச மென்பொருள் இப்போலிகளைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். யுஎஸ்பியில் போட்டு எடுத்துப் போங்கள்.

“விண்டோஸ் 11 எதிலும் ஓடும்”

எப்படியாவது ஏற்றிவிடலாம் என்பது உண்மை. ஆனால் மைக்ரோசாஃப்ட் ஏற்பது பொதுவாக எட்டாம் தலைமுறை இன்டெல்லிலிருந்துதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-இல் வாலரண்ட் ஓட டிபிஎம் 2.0-வும் செக்யூர் பூட்டும் வேண்டும்.

“பழைய சாமானுக்குப் புகார் கிடையாது”

லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் வாங்கினாலும், ஃபேஸ்புக்கில் யாரோ ஒருவர் தன் சொந்தக் கணினியை விற்றாலும் அனேகமாக அப்படித்தான். வியாபாரமாக விற்கும் கடை என்றால் கதை வேறு. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை வக்கீல் இல்லாமல் நீங்களே தாக்கல் செய்யலாம். ரசீதில் ‘யூஸ்டு பிசி’ என்று மட்டும் எழுத விடாமல், சில்லு, கார்டு, பவர் சப்ளையின் பெயரும் சீரியல் எண்ணும் எழுதி வாங்குங்கள். தாக்கல் கட்டணம் 5 வெள்ளி.