நஞ்சேறிய நிலத்தில் நார்ப்பயிர்

பேரா மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கு ஈயத்தால் செழித்தது என்பதை நாம் அறிவோம். 1985ஆம் ஆண்டு ஈய விலை வீழ்ந்தபின் சுரங்கங்கள் பல மூடப்பட்டன. மணல்மேடுகளும் குட்டைகளும் எஞ்சின.

அம்மணலில் சில இடங்களில் ஆர்செனிக், காரீயம் ஆகிய நஞ்சுகள் தங்கியுள்ளன. அவை கண்ணுக்குத் தெரிவதில்லை. வேர்வழியே ஏறிக் கீரையிலும் கிழங்கிலும் சேரக்கூடும். ஆதலால் அத்தகைய நிலத்தில் உணவுப்பயிரை விடுத்து, மரமும் நாரும் தரும் பயிர்களை வளர்த்தல் நலம். மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம் பீடோரில் ஈயமணலிலேயே மரங்களை வளர்த்துக் காட்டியுள்ளது. புளிச்சைக்கீரையின் இனமான கெனாப், நான்கைந்து மாதங்களில் கயிற்றுக்கும் பலகைக்கும் உரிய நாரைத் தரும். ஆயினும் நஞ்சுமண்ணில் விளைந்த அதன் தழையை ஆட்டுக்கு இடலாகாது.

பழைய ஈயநிலத்தில் காய்கறி நடுமுன் மண்ணைச் சோதிக்கச் செய்வோம். நம் உழைப்பு நம் பிள்ளைகளின் உடலை வளர்க்க வேண்டுமன்றோ!