வீட்டில் நிற்கும் கார்: புதுப் பேட்டரி வாங்கும் முன் இதைப் பாருங்கள்

தம்பி, தங்கச்சி, சுங்காயில் அப்பா அம்மா இருக்கும் வீட்டில் ஒரு கார் நிற்கிறதா? வெள்ளிக்கிழமை கோயிலுக்கு, மாதத்தில் ஒரு நாள் கிளினிக்குக்கு, மற்ற நாளெல்லாம் கொட்டகையில். 2010இல் இடிஎஸ் ரயில் ஓடத் தொடங்கியபின் கோலாலம்பூரில் வேலை செய்யும் பிள்ளைகள் ரயிலிலேயே ஊருக்கு வந்துவிட்டுப் போகிறார்கள். அதனால் வீட்டுக் காருக்கு இன்னும் ஓய்வு. அவசரத்துக்குச் சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்ற சத்தம் மட்டும் வருகிறது. பேட்டரி கொங் என்று கடைக்குப் போன் அடிக்கிறோம், புதுசு மாட்டுகிறோம், சில மாதத்தில் அதுவும் படுத்துவிடுகிறது. இரண்டாவது பேட்டரிக்குக் காசு எடுக்கும் முன் அக்கா சொல்வதைக் கேளுங்கள். பேட்டரி கெட்டதா, அல்லது கார் நிற்கும்போது ஏதோ ஒன்று கரண்டை இழுத்துக்கொண்டே இருக்கிறதா என்று தெரியாமல் வெள்ளியைக் கொட்டாதீர்கள். ஹார்ட்வேர் கடையில் விற்கும் சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது நாடு முழுக்கக் கார்கள் வாரக்கணக்கில் நின்றன. நல்ல பேட்டரிகளும் அப்போது இறங்கின. காரணம் எளிது. சாவியை எடுத்தபின்னும் கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டரின் நினைவு எல்லாம் கொஞ்சம் கரண்டு எடுத்துக்கொண்டேதான் இருக்கும். பொதுவாக 50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த 50 மில்லிஆம்பியரே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. மைவி மாதிரி சின்னக் காரில் பேட்டரி 35 ஆம்பியர்-மணி அளவுதான். இரண்டு வாரம் தொடாமல் விட்டால் பாதி காலி. அதே காரில் டேஷ்போர்டுப் பெட்டிக்குள் 5 வாட் பல்பு ஒன்று அணையாமல் எரிந்தால் ஒரு நாளைக்கு 10 ஆம்பியர்-மணி போகும். மூன்றாம் நாள் சாவி திருப்பினால் வண்டி எழுந்திருக்காது. எத்தனை நாளில் இறங்குகிறது என்பதை வைத்தே கசிவு சின்னதா பெரிதா என்று பாதி ஊகித்துவிடலாம். அப்பாவிடம் கேட்டு அதை முதலில் எழுதி வையுங்கள்.

அடுத்தது வோல்ட். மீட்டரை டிசி 20 வோல்டில் வைத்து, சிவப்பு முனையை பேட்டரியின் பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை மைனஸிலும் தொடுங்கள். ராத்திரி முழுக்க நின்ற காரில் காலையில் பார்ப்பதுதான் சரியான அளவு. 12.6 இருந்தால் நிறைவு. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12க்குக் கீழே போனால் அநேகமாகக் காலி. பிறகு இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றுகிறது. காட்டவில்லை என்றால் கசிவைத் தேடிப் பயனில்லை, காரைப் போர்மனிடம் கொண்டு போங்கள். முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி படிந்திருந்தால் சோடா மாவு கலந்த வெந்நீரை ஊற்றித் தேய்த்துக் கழுவி, காய்ந்தபின் இறுக்குங்கள். தளர்ந்த முனையும் இறங்கிப்போன பேட்டரி மாதிரியே நடிக்கும்.

இன்னொரு சோதனைக்கு மீட்டரே வேண்டாம், இருட்டு போதும். ராத்திரி காரைப் பூட்டிவிட்டு, உள் விளக்கு அணையும்வரை நின்று, ஒரு சுற்று சுற்றி வாருங்கள். முக்கியமாகப் பின்பக்கம் பாருங்கள். பல பழைய கார்களில் பிரேக் மிதிக்கு மேலே ஒரு சின்ன ரப்பர் அல்லது பிளாஸ்டிக் குமிழ் இருக்கும். மிதி மேலே வந்ததும் பிரேக் விளக்கு சுவிட்சை அழுத்தி விளக்கை அணைப்பது அதுதான். நம் ஊர் வெயிலில் அது நொறுங்கி உதிர்ந்துவிடும். பிறகு காலை எடுத்தாலும் பிரேக் விளக்கு அணையாது, விடியும்போது பேட்டரி இருக்காது. மிதிக்குக் கீழே கால்விரிப்பில் பிளாஸ்டிக் துகள் கிடந்தால் இதுதான் காரணம். சில வெள்ளிக்குள் முடியும் வேலை. டேஷ்போர்டுப் பெட்டிக்குள் விளக்கு எரிகிறதா என்று பார்க்க ஹேண்ட்போனில் வீடியோ பதிவை ஓடவிட்டு, உள்ளே வைத்து மூடுங்கள். பின்னால் சாமான் வைக்கும் பூட்டுக்கும் (boot) அப்படியே.

அதன்பின் கடைசியாக யார் எதை மாட்டினார்கள் என்று யோசியுங்கள். என் அனுபவத்தில் முதல் சந்தேகம் எப்போதும் பிறகு சேர்த்த சாமான்கள் மேல்தான்: ஆண்ட்ராய்டு பிளேயர், கேமரா, அலாரம், ஆம்ப்ளிஃபயர். பிளேயருக்கு இரண்டு பிளஸ் வயர் வரும். மஞ்சள் எப்போதும் கரண்டு உள்ளது, நினைவுக்காக. சிவப்பு, சாவி போட்டால் மட்டும் வருவது. அவசரமாக மாட்டுபவர் இரண்டையும் ஒன்றாக முறுக்கிவிட்டால் சாவியை எடுத்தபின்னும் பிளேயர் உள்ளே விழித்தே இருக்கும். கார் நிற்கும்போதும் படம் பிடிக்கும் கேமராவும் அப்படித்தான். கோலாலம்பூரில் தினம் ஓடும் காருக்கு அது சரி. வாரம் ஒருமுறை நகரும் காருக்கு வேண்டாம், அணைத்து வையுங்கள்.

சந்தேகம் இன்னும் தீரவில்லை என்றால் ஆம்பியர் அளக்கும் சோதனைக்கு வருவோம். இதைப் பொறுமையாகப் படியுங்கள். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் என்று போட்டிருக்கும் துளைக்கு மாற்றி, திருகையும் டிசி ஆம்பியரில் வையுங்கள். இந்த நிலையில் மீட்டரின் இரு முனைகளையும் பேட்டரியின் பிளஸ், மைனஸ் மேல் ஒருபோதும் சேர்த்து வைக்காதீர்கள். அது நேரடி ஷார்ட், தீப்பொறி பறக்கும். ஒரு கண்ணாடியை இறக்கி வையுங்கள், சாவி உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது. கதவை மூடினால் பியூஸ் பெட்டியை எட்ட முடியாது. அதனால் கதவைத் திறந்தே வைத்து, கார் 'மூடியிருக்கிறது' என்று நினைக்கும்படி செய்ய வேண்டும். பழைய சாகா, கஞ்சில் போன்றவற்றில் கதவுச் சட்டத்தில் ரப்பர் மூடிய பட்டன் இருக்கும், அதை அழுத்தி டேப் ஒட்டுங்கள். சில கார்களில் கதவின் கொக்கியை ஸ்குரூடிரைவரால் சாத்த வேண்டும். முடித்தபின் கைப்பிடியை இழுத்து விடுவிக்காமல் கதவைச் சாத்தாதீர்கள், கொக்கி உடையும். சாவி தொடாமல் ஸ்டார்ட் ஆகும் கார் என்றால் சாவியை வீட்டுக்குள் தள்ளி வையுங்கள்.

இப்போது மைனஸ் கேபிளை மட்டும் கழற்றுங்கள். ஒரு முனை அந்தக் கேபிளில், மறுமுனை பேட்டரியின் மைனஸில். காருக்குப் போகும் கரண்டு முழுவதும் இனி மீட்டர் வழியாகத்தான் போகும். சாவியைத் திருப்பக் கூடாது, ஸ்டார்ட் செய்யவே கூடாது, மீட்டரின் பியூஸ் போய்விடும். முதலில் காட்டும் எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள். காரின் கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக 20 நிமிடம், சிலவற்றுக்கு 40 நிமிடம்கூட ஆகும். தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். அதன்பின்னும் 0.05 ஆம்பியருக்கு, அதாவது 50 மில்லிஆம்பியருக்கு மேல் நின்றால் கசிவு உறுதி. 0.30, 0.40 என்றால் பெரிய கசிவு.

பிறகு பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மீட்டரைப் பாருங்கள். எண் சட்டென்று விழும் இடத்தில்தான் திருடன். எந்த பியூஸ், பிடுங்கும் முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று தாளில் எழுதுங்கள். பிடுங்கியதை அதே துளையில் திரும்ப வையுங்கள், ஆம்பியர் எண் மாறக் கூடாது. எந்த பியூஸுக்கும் எண் விழவில்லை என்றால் இரண்டு சந்தேகம்: பேட்டரியிலிருந்து நேராக இழுத்த ஆம்ப்ளிஃபயர் வயர், அல்லது ஆல்டர்னேட்டருக்குள் டயோடு கெட்டது. டயோடு கெட்டால் ஓடும்போது சார்ஜ் நன்றாகவே காட்டலாம், ஆனால் நிற்கும்போது உள்ளுக்குள் கரண்டு வடியும். அது போர்மனின் வேலை.

செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடு என்றால் பானட்டைத் திறந்து எலி கடித்த வயரும் தேடுங்கள். எலியை ஒடுக்கத் தோட்டங்களில் ஆந்தைக் கூண்டே வைக்கிறார்கள். நிற்கும் காருக்குள் எலி குடிபுகுவதில் வியப்பில்லை.

கசிவே இல்லை, கார் ஓடாததுதான் காரணம் என்று தெரிந்தால் நல்ல செய்தி. வாரம் ஒருமுறை பீடோர் வழியாகத் தாப்பா வரை ஓட்டி வரச் சொல்லுங்கள். வாசலில் பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிடுவது போதாது, ஸ்டார்ட்டர் எடுத்ததையும் நிற்கும்போது போனதையும் அது முழுசாக ஈடுகட்டாது. ஓட்ட ஆள் இல்லையென்றால் மைனஸ் கேபிளைக் கழற்றி வையுங்கள், அல்லது தானாக நிற்கும் சின்னச் சார்ஜர் ஒன்றை மாட்டுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். அடிக்கடி அடிவரை இறங்கும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து அதன் கொள்ளளவே குறைந்துவிடும். நம் ஊர் வெப்பம் அதை இன்னும் வேகப்படுத்தும். ஜம்பர் வயர் போட்டு எழுப்பிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

போர்மனிடம் போவதானால் எழுதிய தாளையும் எடுத்துப் போங்கள். "பேட்டரி பாருங்கள்" என்றால் பேட்டரியைத்தான் மாற்றுவார்கள். "பிளேயர் பியூஸை எடுத்தால் 0.35இலிருந்து 0.03க்கு இறங்குகிறது" என்று சொன்னால் நேராக அந்த வயரைப் பிடிப்பார்கள். ராத்திரியில் அம்மாவுக்கு மூச்சு முட்டினால் தாப்பா மருத்துவமனைக்கோ சிலிம் ரிவர் மருத்துவமனைக்கோ போக அந்த ஒரு கார்தான் அவர்களுக்கு இருக்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பையில் ஒரு மீட்டரையும் போட்டுக்கொண்டு போங்கள்.